காப்புக் கட்டிய ஊரில் ரத்தம் கேட்டேன்

ஒரு காதுகுத்து விருந்தில் என் கணவரின் சின்னம்மா என் மகளை "ரத்தம் குடிக்கிற புள்ள" என்றார். பந்தியில் பாதிப் பேர் காதில் விழும்படிதான் சொன்னார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்க அத்தை, குடிக்குது. நீங்கதான் ஒடம்ப நல்லா வெச்சிருக்கீங்களே, ஒரு பை குடுங்களேன்" என்று கேட்டேன். அதுவரை யாருக்கும் தெரியாத சர்க்கரை நோய் அவருக்கு அந்த நிமிடமே வந்துவிட்டது. அவர் பாயசத்தை ஒதுக்கி வைத்ததை நான் பார்த்தேன். பிறகு வாளியை எடுத்து மிச்சப் பந்திக்கும் நானே ரசம் ஊற்றினேன்.

ஊரில் என்னை வாயாடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த வாய் மட்டும் இல்லையென்றால் என் மகள் பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்க மாட்டாள்.

அவளுக்கு தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாகச் செய்துகொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தத்தை ஏற்றவேண்டும். ஏற்றினால் தெருவில் ஓடுவாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்பாள், என் தையல் கடையில் நூல்கண்டையெல்லாம் உருட்டிவிடுவாள். நாள் தள்ளிப்போனால் சண்டை போடுவதை நிறுத்திவிடுவாள். மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணிக் குவியலில் வந்து படுத்துக்கொள்வாள். அவள் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள், நல்ல பிள்ளை, பேச்சு மூச்சே இல்லை என்பார்கள். நான் உடனே எழுந்துபோய் காலண்டரைப் பார்ப்பேன்.

நான் கட்டியது என் அத்தை மகனை. எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் இந்த நோயில் பாதி இருந்திருக்கிறது. பாதி இருந்தால் வெளியே தெரியாதாம், இரண்டு பாதியும் சேர்ந்து பிள்ளைக்கு வந்தால்தான் நோயாம். அதை டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும். சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று என்னைப் பிடித்துக் கட்டிவைத்தார்களே, அவர்களேதான் பிறகு நெருங்கின உறவில் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று நியாயம் பேசினார்கள். அவர்கள் கூடிப்பேசி முடித்த கல்யாணத்துக்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும்? குனியவில்லை.

எங்கள் ரத்தத்தையே கொடுத்துவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது. ரத்த வங்கியில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து நீலத் தண்ணீரில் விடுவார்கள். சத்துள்ள ரத்தம் மூழ்கும். என் சொட்டு ஒவ்வொரு முறையும் மிதந்தது. கீரை, பேரீச்சை, முருங்கை என்று தின்று பார்த்துவிட்டுப் போனேன், அப்போதும் மிதந்தது. என் கணவருக்கும் அதே கதைதான், அந்தப் பாதி நோயின் வேலை. பெற்றவர்கள் இரண்டு பேரும் உயிரோடு நின்றுகொண்டு, மகளுக்காக ஊராரிடம் கையேந்த வேண்டும். அந்த நீலத் தண்ணீரைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவளுக்கு வேண்டியது கிடைக்காத வகை ரத்தமும் இல்லை. ஓ பாசிடிவ். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு கையைப் பிடித்து இழுத்தால் வருகிறவருக்கு அதுவாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் இருப்பு இல்லை என்பார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு, பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கேட்காமலே கொடுக்கவேண்டும் என்பது விதி. விதி இருக்கிறது, பை இல்லை என்றால் விதியையா நரம்பில் ஏற்றுவது? ஆள் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். கூட்டிக்கொண்டு போவேன்.

வருடத்தில் பெரும்பாலான நாட்கள் எங்களைக் காப்பாற்றுவது பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள்தான். முகாம் போட்டால் வரிசையில் நின்று கொடுப்பார்கள். என் மகள் உடம்பில் ஓடுவதில் பாதிக்கு மேல் பரீட்சைக்குப் படிக்காமல் திரிகிற பிள்ளைகளின் ரத்தம், அதனால்தான் அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று என் கணவர் கேலி செய்வார். ஆனால் கோடை விடுமுறை விட்டால் அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள். விடுமுறை என்றால் மற்ற தாய்மாருக்குப் பிள்ளைகள் வீட்டில் செய்யும் அட்டகாசம். எனக்குக் காலிப் பெட்டி.

ஒருமுறை அப்படி ரத்தம் கிடைக்காமல் திரும்பியபோது, ஒரு சின்ன வயது டாக்டர் என்னைத் தேற்றுவதாக நினைத்து, உலகம் முழுக்கவே இதே நிலைமைதான், எத்தனையோ நாடுகளில் வேண்டியதில் பாதிகூடக் கிடைப்பதில்லை என்று சொன்னார். நல்ல பெண் அவர். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உலகத்துக்கே இல்லை என்றால் என் மகளுக்கும் இல்லாமல் போகட்டும் என்று நான் எழுந்து போய்விட வேண்டுமா? அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது, எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு நாட்டில் ஒருத்தி, என்னைப் போலவே பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் வாயாடியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உலகம் முழுக்க மனிதர்கள் இருக்கிறார்கள், எல்லோர் உடம்பிலும் ரத்தம் இருக்கிறது, பிறகு எப்படி அது இல்லாமல் போகும்? இதற்கு எந்த டாக்டரும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

நான் சொல்லவந்தது அவள் நான்காம் வகுப்பு முடித்த கோடையைப் பற்றி. எங்கள் ஊர் திருமானூருக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. மாரியம்மனுக்கு வைகாசியில் திருவிழா. காப்புக் கட்டிவிட்டார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பகல் முழுக்க விரதம், சாயங்காலப் பூசைக்குப் பிறகு ஒருவேளைச் சாப்பாடு. அந்த நேரம் பார்த்து என் மகள் துணிக் குவியலில் போய்ப் படுத்துக்கொண்டாள். உதடு வெளுத்து, கண்ணில் மஞ்சள் பூத்துவிட்டது.

அரியலூரில் விசாரித்தேன். பெட்டியில் இருப்பது பிரசவத்துக்கு வருகிற ஆபத்துக் கேஸுக்கு என்று ஒதுக்கியது, அதைத் தொடமாட்டோம், ஆள் வந்து கொடுத்தால் அதற்குப் பதிலாக எடுத்துத் தருகிறோம் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். பிரசவத்தில் கிடக்கிறவளும் ஒருத்தி பெற்ற மகள்தானே. பெரம்பலூருக்குப் போன் போட்டேன். கல்லூரி திறந்ததும் முகாம் இருக்கிறது என்றார்கள். அதுவரை இவள் தாங்கவேண்டுமே.

வழக்கமாகக் கொடுக்கிற என் கணவரின் நண்பர்களைப் போய்ப் பார்த்தேன். சிலர் சமீபத்தில் கொடுத்தவர்கள், மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்கமாட்டார்கள். ஊரில் திடமாக இருக்கிற மற்ற ஆண்பிள்ளைகள் கையிலெல்லாம் மஞ்சள் கயிறு. கயிறு இல்லாதவர்களைத் தேடிப்போனால் பாதிப் பேருக்குச் சுகர், பாதிப் பேருக்குச் சரக்கு. கயிறு கட்டியவர்களிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். என் கணவர் வேண்டாம் என்றார். சாமி காரியம், ஊர்ப் பகை வரும் என்றார். ஊர்ப் பகை வந்தால் வேறு ஊருக்குப் போய்க்கொள்ளலாம், மகள் போனால் எங்கே போவது என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்கூட வந்தார்.

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் ஆண்கள் கூடி, யார் யார் அலகு குத்துவது, தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே பெண்கள் பேசுகிற வழக்கம் கிடையாது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றேன். அவள் வயதுக்கு அது தூக்குகிற உடம்பா? ஆனால் கனமே இல்லை. விஷயத்தைச் சொன்னேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வயதான பூசாரிதான் பேசினார்.

"காப்பு கட்டுன ஒடம்பு அம்மனோடது தாயி. அதுல ஊசி படக்கூடாது."

"அலகு மட்டும் படலாங்களா?"

"அலகை அம்மன் வாங்கிக்கிறா. ஒரு சொட்டு ரத்தம் வராது. நீயே பாத்துருக்க."

"பாத்துருக்கேங்க. அந்த வராத ரத்தத்தைத்தான் நான் கேக்குறேன்."

யாரோ பின்னாலிருந்து சிரித்துவிட்டு உடனே அடங்கிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  இடுப்பில் நழுவிய மகளை ஏற்றிப் பிடித்துக்கொண்டு குரலை இன்னும் உயர்த்தினேன். அம்மனுக்கென்று நேர்ந்துகொண்டு கன்னத்தையும் முதுகையும் துளைத்துக்கொள்கிறீர்கள், அதே நேர்த்தியை ஒரு பிள்ளைக்காகச் செய்தால் என்ன என்று கேட்டேன். "அம்மனுக்குக் குடுக்குறதாவே நெனச்சிக்கிட்டுக் குடுங்க. கோவிச்சிக்கிட்டா என்கிட்ட வரட்டும். நான் பேசிக்கிறேன்" என்றேன்.

 பிறகு எங்கள் தெருவில் டிராக்டர் ஓட்டுகிறவர் எழுந்தார், அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மனைவிக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தால் அலகு குத்திக்கொள்வதாக வேண்டியிருந்து, அது பிறந்துவிட்டதால் முதன்முதலாக அந்த வருடம்தான் காப்புக் கட்டியவர் அவர். பொழுது இறங்குவதற்குள் எல்லைக்குள் திரும்பிவிட்டால் குற்றமா என்று பூசாரியைக் கேட்டார். போ என்று சொல்லவும் மாட்டேன், போகாதே என்று தடுக்கவும் மாட்டேன் என்றார் பூசாரி. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அனுமதி. அது போதும் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணனோடு இன்னும் மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு வந்த நான்கு பேரையும் பார்த்து எனக்கே கும்பிடத் தோன்றியது. தலைக்குக் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, இடுப்பில் வேப்பிலை செருகி, செருப்பில்லாமல் நின்றார்கள். பஸ்ஸில் ஒரு கிழவர் எழுந்து அவர்களுக்கு இடம் கொடுத்தார். எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் போன சிமெண்ட் லாரி கிளப்பிய புழுதியெல்லாம் அந்த மஞ்சள் வேட்டிகளில் படிந்தது.

ரத்த வங்கியில் வேலை பார்க்கிற அம்மா நான்கு பேரின் சொட்டையும் நீலத் தண்ணீரில் விட்டார். நான்கும் கல் மாதிரி மூழ்கின. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். "ஒண்ணும் சாப்டலைங்க. பச்சத்தண்ணி பல்லுல படலை. சுத்தமா வந்துருக்கோம்."

அந்த அம்மா ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார்.

வெறும் வயிற்றில் எடுத்தால் மயங்கி விழுவார்கள், அதிலும் முந்தின நாள் பகலும் பட்டினி கிடந்தவர்கள், தொடவே மாட்டேன் என்றார். அம்மனுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தானே சொன்னேன். அம்மனுக்குக் கொடுக்கிறவன் சாப்பிட்டுவிட்டா போவான்? என் பேச்சை அவர்கள் அப்படியே நம்பிவிட்டார்கள், விரத வயிறு என்பது எனக்கும் அவசரத்தில் தோன்றவில்லை. சாப்பிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்றார் அந்த அம்மா. அண்ணன் முகம் சுண்டிப்போனது. விரதத்தில் சூரியன் இருக்கும்போது சாப்பிடக்கூடாது, அதுவும் ஊருக்கு வெளியே, கடைச் சாப்பாடு. எல்லை தாண்டியதுகூடப் பூசாரி கண்ணை மூடிக்கொண்ட விஷயம். இது வயிற்றுக்குள் போகிற விஷயம். வாழைப்பழம் மட்டும் தின்கிறோமே, அது பிரசாதம்தானே என்று ஒருவர் கேட்டார். பழமெல்லாம் பத்தாது, இட்லியோ சோறோ சாப்பிடுங்கள் என்றார் அந்த அம்மா.

வாசலில் இருந்த கடையில் இட்லி வாங்கிக்கொண்டு வந்தேன். புங்கமரத்தடியில் இலையை விரித்து நான்கு பேருக்கும் பரிமாறினேன். யாரும் உட்காரவில்லை. என் மகள் சிமெண்ட் பெஞ்சில் என் பைமேல் தலை வைத்துக் கிடந்தாள். சாம்பாரில் ஈ உட்கார்ந்தது. உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொழுது இறங்குவதற்குள் அவர்கள் ஊர் திரும்பவும் வேண்டும்.  ஈயை விரட்டிவிட்டு, "இது உங்க சோறு இல்லண்ணே. என் மவளுக்குப் போற சோறு. உங்க வயித்துல கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவுது, அவ்வளவுதான்" என்றேன்.

அண்ணன் பெஞ்சில் கிடந்தவளைப் பார்த்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். விரதம் முறித்துச் சாப்பிடுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மெல்லவே கஷ்டப்பட்டார். கூட வந்திருந்த, கரும்பு வெட்டப் போகிற சகோதரர்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான்காமவர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், என்னை மன்னித்துவிடு தங்கச்சி என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். இன்றைக்கு அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்கு நிறைய இருந்தது.

மூன்று பேரும் கொடுத்தார்கள். பெட்டியில் இருந்ததை எடுத்துத் தந்தார்கள். அவர்கள் பஸ் ஏறுகிறபோது என் மகள் கையில் ஊசி ஏறிவிட்டது. குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கண் எடுக்காமல் பார்த்தேன். பொழுது சாயும்போது அவள் உதட்டில் நிறம் வந்தது. பக்கத்துக் கட்டில் பையன் தன்னுடைய பொம்மைக் காரைத் தரமாட்டேன் என்றதற்கு அவனைத் திட்டினாள். நர்ஸ் அதட்டினார். நான் அதட்டவில்லை, நன்றாகத் திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பினால் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லை தாண்டியதை மன்னிக்கலாம், விரதம் முறித்தவன் அலகு குத்தக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவு செய்திருந்தார்கள். மூன்று பேர் கயிற்றையும் அறுத்துவிட்டார்கள்.  என் மகளுக்காக அண்ணனின் வேண்டுதல் கெட்டுப்போனதே என்று அவர் வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையோடு இருந்த அவர் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.  வந்த வழியே திரும்பினேன்.

அலகு குத்தும் நாள் வந்தது. பம்பை முழங்க, மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அண்ணன் கயிறில்லாத கையோடு கூட்டத்தில் நின்றார். என் கணவரின் சின்னம்மா சும்மா இருப்பாரா? ஒரு பிள்ளைக்காக மூன்று பேர் நேர்த்தியைக் கெடுத்துக்கொண்டார்களே, அம்மன் சும்மா விடுவாளா என்று எனக்கும் அண்ணனுக்கும் கேட்கும்படி சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தார். சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கையின் உட்புறத்தில் ஊசி குத்தி ஊதாவாகக் கன்றியிருந்த இடத்தைப் பூசாரியிடம் நீட்டிக் காட்டினார்.

"நான் குத்திக்கிட்டேங்க. எடம்தான் மாறிடுச்சு."

பூசாரி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.  தட்டிலிருந்த திருநீற்றை எடுத்து அந்தக் கன்றல்மேல் பூசிவிட்டு, அடுத்தவரிடம் போனார். அண்ணன் மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கோபமா, பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். நானும் கும்பிட்டேன். ஆனால் ஊரே ஒரே இடத்தில் கூடி நிற்கிறது, இனி இப்படி நிற்க ஒரு வருடம் ஆகும், மூன்று வாரம் முடிய அவ்வளவு நாள் இல்லை. மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு, "மாசக் கடைசியில இவளுக்கு மறுபடியும் வேணும். யாரு வரீங்க, இப்பவே சொல்லுங்க" என்று சத்தமாகக் கேட்டேன்.

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாமி ஊர்வலத்திலும் இவளுக்கு ரத்தம்தானா என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆமாம், ரத்தம்தான். என் கணவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அப்படியே நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். நான் வெட்கப்பட்டால் அவள் செத்துப்போவாள். அதனால் எனக்கு வெட்கம் இல்லை.